கேட் பாஸ் யாருக்கு? உள்நுழைவு அனுமதி பற்றி நெய்வேலியில் ஆற்றிய உரை

(மந்தாரக்குப்பம் தெருமுனைக் கூட்டத்தில் நம் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத உறவுகளுக்காகப் பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் பதிவிடுகிறோம். நீளமான பதிவுதான். முழுவதும் படித்துவிட்டுப் பகிருங்கள்.)



ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும். எனக்கு முன்னாடி பேசினவங்க பாதி நேரத்தை எடுத்துக்கிட்டாங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

உள்நுழைவு அனுமதிச் சீட்டு. பேப்பர்ல இன்னர் லைன் பெர்மிட்னு போடுறாங்களே, அதுதான். வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்குறவங்க, வேலை பார்க்கிறவங்க, அந்த மாநில அரசுகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கிட்டுத்தான் வரணும்ங்கிற முறை. தமிழ்நாட்டுக்கும் இது வேணும்னு தமிழ்த் தேசிய அமைப்புகள் பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு. நாமும் கேட்கிறோம். கேட்டவுடனே ஒரு கூட்டம் கிளம்பி வரும். "பிரிவினை பேசுறான், வேலி போடப் பார்க்கிறான், இந்தியாவுக்குள்ள எங்க வேணாலும் போகலாம்னு சட்டம் இருக்கு தெரியுமா?" என்று நமக்குப் பாடம் எடுக்கும்.

அவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த நெய்வேலியில நுழைவு அனுமதி இல்லாம ஒரு நாளாவது இருந்திருக்கா?

சுரங்கத்துக்குள்ள போகணும்னா கேட் பாஸ். அனல் மின் நிலையத்துக்குள்ள போகணும்னா கேட் பாஸ். வாசல்ல துப்பாக்கியோட மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிக்குது. பாதுகாப்புக்காக வேணும்ங்கிறாங்க, சரி, சுரங்கத்துக்கு அது வேணும்தான், நான் மறுக்கல. ஆனா அந்தக் கேட்டுக்கு உள்ள என்ன இருந்தது? அது யாரோட ஊர்? எங்க அப்பனும் பாட்டனும் கம்பு விதைச்ச, மல்லாட்டை பிடுங்கின கொல்லை. பொங்கல் வெச்ச கோயில். செத்தவங்களைப் புதைச்ச இடம். இன்னிக்கு அந்த இடத்துக்குப் போகணும்னா அந்த மண்ணுக்காரனுக்குச் சீட்டு வேணும். ஒப்பந்தத் தொழிலாளியா இருந்தா அந்தச் சீட்டு காண்ட்ராக்ட் இருக்கிற வரைக்கும்தான் செல்லும்.

ஆக, நெய்வேலியில உள்நுழைவு அனுமதி முறை ஏற்கெனவே நடைமுறையில இருக்கு உறவுகளே. என்ன, கோட்டுக்கு வெளியில நிக்கிறது நாம. அதை மாத்திப் போடணும்ங்கிறதுதான் நம்ம கோரிக்கை.

கூட்டத்துக்கு வர்ற வழியில டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். ஒரு பெரியவர் நம்ம கொடியைப் பார்த்துட்டுப் பேச்சுக் கொடுத்தார். "உங்க ஊரு எதுங்கய்யா?"ன்னு கேட்டேன். கையை நீட்டி சுரங்கத்து மண்மேட்டைக் காட்டினார். "அதுக்கு அடியில"ன்னார். அவ்வளவுதான். கண்ணு கலங்கல, கோபப்படல. பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கல.

சரி, இந்த இன்னர் லைன் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். நம்ம பிள்ளைகள் பல பேர் இதை மேடையில கத்துறோம், வரலாறு தெரியாமக் கத்துறோம். எதிர்ல இருக்கிறவன் ஒரு கேள்வி கேட்டா வாயடைச்சுப் போறோம். அது கூடாது.

1873. வங்கக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அசாம்ல தேயிலைத் தோட்டம் வளர்ந்துக்கிட்டே போச்சு. தோட்டக்காரன், மர வியாபாரி, ரப்பர் எடுக்கிறவன், யானை பிடிக்கிறவன் எல்லாம் மலைக்குள்ள புகுந்தான். மலை மக்கள் திருப்பி அடிச்சாங்க. வெள்ளைக்காரனுக்குச் சண்டைச் செலவு கட்டுப்படியாகல. அதனால ஒரு கோடு கிழிச்சான். இந்தக் கோட்டைத் தாண்டணும்னா சீட்டு வாங்கணும்னு சொன்னான். மலை மக்கள் மேல பாசத்தால போட்ட கோடுன்னு நினைச்சுடாதீங்க. தன் கல்லாப்பெட்டியைக் காப்பாத்தப் போட்டது. ஆனா விடுதலைக்கு அப்புறம் அந்த மக்கள் அதை விடல. எங்க நிலத்தையும் எண்ணிக்கையையும் காப்பாத்துற கேடயம் இதுதான்னு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நாலு மாநிலத்துல இருக்கு. நீங்களோ நானோ இந்தியக் குடிமகன்தான், ஆதார் இருக்கு, வாக்காளர் அட்டை இருக்கு. ஆனாலும் மிசோரம் லெங்புய் விமான நிலையத்துல இறங்கினா முதல்ல சீட்டு வாங்கணும். சும்மா பார்க்க வந்தா 15 நாள் சீட்டு. வேலைக்கு வந்தா உள்ளூர்க்காரர் ஒருத்தரோ அரசுத் துறையோ பொறுப்பேத்துக்கணும். அந்தச் சீட்டு ஆறு மாசம், அப்புறம் புதுப்பிக்கணும்.

இந்தியா உடைஞ்சு போச்சா? மிசோரம் தனி நாடாப் போயிடுச்சா? இல்லையே.

இன்னொண்ணு கேளுங்க. மணிப்பூர்ல அந்த முறை முன்னாடி இருந்து, 1950-ல எடுத்துட்டாங்க. திரும்ப வேணும்னு அந்த மக்கள் வருஷக்கணக்காப் போராடினாங்க. 2015 ஜூலையில இம்பால்ல ஒரு பள்ளிக்கூடப் பையன் போலீஸ் நடவடிக்கையில செத்தே போனான். அப்பவும் டெல்லி அசையல. அப்புறம் 2019 டிசம்பர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்துல கொண்டு வந்தாங்க. வடகிழக்கு கொதிச்சது. உடனே டிசம்பர் 9-ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா எழுந்து மணிப்பூருக்கும் இன்னர் லைன் தர்றோம்னார். 11-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்துடுச்சு. எத்தனை நாள்? ரெண்டு நாள். தேவைப்பட்டா ரெண்டு நாள்ல செய்ய முடிஞ்ச காரியம், தமிழன் கேட்டா மட்டும் தேசத் துரோகம் ஆயிடுது.

இதோட நிறுத்தினா கைதட்டு வாங்கிட்டு இறங்கிடலாம். ஆனா மணிப்பூர் கதையில மீதிப் பாதியையும் சொல்லியாகணும். நம்ம மேடைகள்ல யாரும் சொல்றதில்ல.

மணிப்பூர்ல பர்மா எல்லையில மோரேன்னு ஒரு ஊர். அங்க தமிழன் இருக்கான். தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கு. எப்படிப் போனாங்க? பர்மாவுல நல்லா வாழ்ந்த தமிழர்கள். 1962-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது, கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆச்சு. கையில இருந்ததை விட்டுட்டுக் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தாங்க. முகாம் வாழ்க்கை பிடிக்கல, பிழைப்பும் இல்ல. மறுபடியும் பர்மாவுக்கே போயிடலாம்னு தரை வழியா வடகிழக்குக்குப் போனவங்களை எல்லையில தடுத்துட்டாங்க. அங்கேயே குடிசை போட்டுத் தங்கினவங்கதான் மோரே தமிழர்கள். 1964-க்கு அப்புறம் போனவங்க.

இப்ப மணிப்பூர் அரசு 2022-ல என்ன முடிவு எடுத்ததுன்னா, இன்னர் லைனுக்கு அடிப்படை ஆண்டு 1961. அதுக்கு முன்னாடி இருந்தவங்கதான் மண்ணின் மக்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு நாலு வருஷ வித்தியாசத்துல நம்ம ரத்தம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுது. அறுபது வருஷமா அங்க பொறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை வெளியாள். 2023 மே மாதம் கலவரம் வந்தப்ப மோரேயில தமிழர் வீடுகளும் எரிஞ்சது. அது தமிழனுக்கும் மத்தவங்களுக்கும் நடந்த சண்டையே இல்ல. ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டான்.

இன்னும் ஒண்ணு. 2015 ஆகஸ்ட் 31-ல மணிப்பூர் சட்டமன்றம், வெளியாட்களைக் கட்டுப்படுத்தணும்ங்கிற அதே கோரிக்கையை வெச்சு மூணு மசோதா நிறைவேத்தினது. சமவெளிக்காரங்க கொண்டாடினாங்க. மலையில இருந்த பழங்குடி மக்கள், இது எங்க நிலத்துல கை வைக்கிற சட்டம்னு எழுந்தாங்க. சுராசந்த்பூர்ல ஒன்பது பேர் செத்தாங்க. அந்த உடம்புகளைப் புதைக்காம ஏறக்குறைய ரெண்டு வருஷம் பிணவறையிலேயே வெச்சுப் போராடினாங்க.

எதுக்கு இதையெல்லாம் இங்க சொல்றேன்? கோடு கிழிக்கிறது சுலபம் தம்பி. எங்க கிழிக்கிறோம், எந்த வருஷத்துல கிழிக்கிறோம், யாரைக் கேட்டுக் கிழிக்கிறோம், அதுலதான் நியாயமும் அநியாயமும் இருக்கு. இன்னர் லைன் கேட்கிற நம்ம கட்சிக்கு இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல வருஷம். நம்மில் பல பேர் 1956 நவம்பர் 1-னு சொல்றோம். மொழிவழி மாநிலம் பிறந்த நாள். கேட்க நல்லா இருக்கு. ஆனா நெய்வேலியை வெச்சுப் பாருங்க. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. பதிமூணு நாள் வித்தியாசம்! 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். அதுக்கு அப்புறம்தான் இந்த டவுன்ஷிப்பே வந்தது. கேரளாவிலிருந்து வந்தாங்க, ஆந்திராவிலிருந்து வந்தாங்க, நம்ம தென் மாவட்டத்திலிருந்து வந்தாங்க. வட்டம் வட்டமா குவார்ட்டர்ஸ் கட்டிக் குடியேறினாங்க. அவங்க பிள்ளைங்க இங்க பொறந்து, இங்க படிச்சு, இங்க கல்யாணம் பண்ணி, இன்னிக்கு நம்மளைவிட நல்லா நெய்வேலித் தமிழ் பேசுறாங்க. அவங்களைப் பார்த்து நீ வெளியாள்னு சொல்லப் போறோமா? நான் சொல்ல மாட்டேன். சொல்ற கட்சியில நான் இருக்கவும் மாட்டேன். தேதி ஒண்ணை வெச்சு மனுஷனை அளக்கிறதைவிட, இங்க பொறந்தானா, இங்க படிச்சானா, இத்தனை வருஷம் இங்க வாழ்ந்தானான்னு பார்க்கிறது சரின்னு நான் நினைக்கிறேன். கட்சிக்குள்ள இதுல எனக்கு மாறுபட்ட கருத்து இருக்குன்னு மேடையிலேயே சொல்றேன். தலைமை திட்டினா வாங்கிக்கிறேன்.

அப்ப யாருக்காகத்தான் இந்தச் சீட்டு? இங்கதான் நெய்வேலிக் கணக்கைப் பார்க்கணும்.

1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா வந்ததே, அதுதான் தொடக்கம். அவர் நிலம் கொடுத்தார், ஊர்க்காரங்க நிலம் கொடுத்தாங்க. சோவியத் உதவியோட முதல் அனல் மின் நிலையம் 1962-ல ஓட ஆரம்பிச்சு, தமிழ்நாட்டுக்கு மட்டுமில்ல, தென்னிந்தியாவுக்கே வெளிச்சம் கொடுத்தது. மேல நிலம் நம்முது, கீழ கரி நம்முது, தூசியும் நம்ம மூச்சுலதான் போகுது, இறங்கிப் போன நிலத்தடி நீரும் நம்ம கிணத்து நீர்.

வேலை?

2021 தொடக்கத்துல பட்டதாரிப் பொறியாளர் பயிற்சிப் பணிக்குத் தேர்வு முடிவு வந்தது. 259 இடம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டது 1,582 பேரை. அதுல தமிழ்நாட்டுக்காரங்க எத்தனை பேர்னு ஞாபகம் இருக்கா? எட்டு. எட்டு நூறு இல்லைங்க, எட்டே எட்டு. அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிற மாநிலம், வருஷத்துக்கு லட்சக்கணக்குல இன்ஜினியர் படிக்கிற மாநிலம், எட்டுப் பேருக்கு மேல தேறலையாம். கட்சி வித்தியாசம் இல்லாமத் தமிழ்நாடே கேட்டது. அடுத்த வருஷமே 299 பொறியாளர் இடத்துக்குக் கேட் தேர்வு மதிப்பெண்ணை வெச்சு எடுக்கிறோம்னு வந்தாங்க. திரும்பப் போராட்டம்.

பாருங்க, பேரைப் பாருங்க. அந்தத் தேர்வுக்குப் பேரும் கேட். சுரங்க வாசலும் கேட். எல்லாக் கேட்டும் நமக்கு மட்டும்தான் மூடியிருக்கு.

2023 ஜூலையில வளையமாதேவியில நடந்ததை நான் சொல்லணும்னு இல்ல. இங்க நிக்கிற பாதிப் பேர் நேர்ல பார்த்தவங்க. கதிர் வெச்சு நின்ன நெல் பயிருக்குள்ள பொக்லைன் இறங்கினது. பரவனாற்றைத் திருப்புற கால்வாய்க்காம். நிலத்தை எப்பவோ கையகப்படுத்திட்டோம்னு சொன்னாங்க. காகிதத்துல கையகப்படுத்தினீங்க, அதுக்கப்புறம் அந்த மண்ணுல உழுது விதைச்சவன் இருக்கானே, அறுவடைக்கு ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா? உயர் நீதிமன்றம் தலையிட்டு, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு. நெல்லைப் பெத்த பிள்ளைன்னு சொல்ற ஊர்ல, பிள்ளையை மிதிச்சதுக்கு நஷ்டஈடு.

இப்ப சொல்லுங்க. நிலம் எடுக்கும்போது 'உள்ளூர் மக்களே, தேசத்துக்காகத் தியாகம் பண்ணுங்க'ன்னு வர்றாங்க. வேலை கேட்கும்போது மட்டும் 'உள்ளூர் வெளியூர்னு பேசாதீங்க, இந்தியா முழுக்க ஒண்ணு'ங்கிறாங்க. கொடுக்கிறதுக்கு உள்ளூர், வாங்குறதுக்கு இந்தியா. இந்தக் கணக்கைத்தான் நாம தப்புங்கிறோம்.

சட்டத்துல வழி இருக்கான்னு கேட்பீங்க. நான் வக்கீல் இல்ல, படிச்சுப் பார்த்ததைச் சொல்றேன். அரசமைப்புச் சட்டம் 19-ஆவது பிரிவு எங்க வேணாலும் போகலாம், தங்கலாம்னு சொல்லுது. அதே பிரிவு ஐந்தாவது உட்பிரிவுல, பொது மக்கள் நலனுக்காகவோ பட்டியல் பழங்குடி மக்கள் நலனுக்காகவோ நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் சொல்லுது. முதல் வரியை மட்டும் படிச்சுட்டு நமக்குப் பாடம் எடுக்கிறவங்க அடுத்த வரியையும் படிக்கணும்.

"பழங்குடி மாநிலத்துக்கு மட்டும்தான், தமிழ்நாட்டுல நடக்காது"ன்னா? நீலகிரிக்குப் போயிட்டு வாங்க. 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில போகணும்னா இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு உச்சவரம்பும் வந்துடுச்சு. நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000. உள்ளூர் வண்டிக்கு விலக்கு. மலை தாங்காதுன்னு தெரிஞ்சதும் நீதிமன்றமே சீட்டுப் போட்டது. யாரும் தேசத் துரோகம்னு சொல்லல. மலைக்குத் தாங்குதிறன் உண்டுன்னா சமவெளிக்கும் உண்டு. குழியாத் தோண்டிப் போட்ட நெய்வேலிக்கு அதைவிட அதிகமா உண்டு.

ஆனா ஏமாத்திப் பேச மாட்டேன். 1873 சட்டம் அந்தப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போட்டது. அதை அப்படியே தூக்கிட்டு வந்து கடலூர்ல ஒட்ட முடியாது. நாடாளுமன்றம் புதுசாச் செய்யணும். வேலைவாய்ப்புலயும் அப்படித்தான். பொறந்த இடத்தையோ வசிக்கிற இடத்தையோ வெச்சு அரசு வேலையில பாகுபாடு கூடாதுன்னு 16-ஆவது பிரிவு சொல்லுது. வசிப்பிட நிபந்தனை வைக்கணும்னா அதை நாடாளுமன்றம்தான் வைக்க முடியும். ஹரியானா, தனியார் வேலையில 75 விழுக்காடு உள்ளூர்க்காரனுக்குன்னு மாநிலச் சட்டம் போட்டது. 2023 நவம்பர்ல பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிஞ்சது. 2021-ல தி.மு.க.வும் தேர்தல் அறிக்கையில அதே 75 விழுக்காடுன்னு எழுதினது. அந்த அறிக்கையைப் பத்திரமா வெச்சிருக்கேன், பரண்ல.

அப்ப வழியே இல்லையா? இருக்கு. தெலங்கானாவைப் பாருங்க. 1957-ல நாடாளுமன்றமே வசிப்பிட நிபந்தனைக்கு ஒரு சட்டம் போட்டது. 1969-ல தெலங்கானாவுக்கான பகுதி செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த மக்கள் வீட்டுக்குப் போகல. போராட்டம் மேல போராட்டம். கடைசியில 1973-ல அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி 371-டின்னு புதுப் பிரிவு போட்டாங்க. உள்ளூர்ப் பணியாளர் தொகுப்பு, உள்ளூர் மாணவன்னா யாருன்னு வரையறை எல்லாம் வந்தது. அங்க எந்தத் தேதியையும் வெச்சு யாரையும் விரட்டல. இத்தனை வருஷம் இங்க படிச்சவன் உள்ளூர்க்காரன்னு எழுதினாங்க. நான் முன்னாடி சொன்னேனே, அது இதுதான். நெய்வேலிக்கு நாம கேட்க வேண்டிய மாதிரி மோரேயை வெளியில தள்ளின அந்த 1961 இல்ல, இந்த 371-டி.

இப்ப ஒரு கசப்பான விஷயம். கைதட்டு வராது, பரவாயில்ல.

ரயில்ல நின்னுக்கிட்டே வந்து, சேத்தியாத்தோப்புப் பக்கம் கதிர் அறுக்கவும், இங்க மண்ணு அள்ளவும், ஓட்டல்ல தட்டுக் கழுவவும் வர்ற பீகார் பையன் நம்ம எதிரி இல்ல. அவனை 'வடக்கன்'னு கேலி பண்ற வீடியோ போடுறதை நம்ம தம்பிகள் இன்னிக்கோட நிறுத்தணும். 2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல பீகார்த் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவினது ஞாபகம் இருக்கா? எங்கேயோ நடந்த சண்டையை இங்க நடந்ததுன்னு போட்டாங்க. பொழைக்க வந்தவன் பயந்து போய் ரயில் ஏறினான். தமிழனைக் காட்டுமிராண்டின்னு காட்ட ஆசைப்படுறவங்களுக்கு நம்ம கேலி வீடியோதான் விறகு. அறுபதுகள்ல பம்பாயில 'மதராஸி'ன்னு சொல்லி நம்ம ஆளை அடிச்சாங்க. 1991-ல பெங்களூர்ல காவிரியைச் சொல்லி அடிச்சாங்க. பட்டவனுக்குத் தெரியணும்.

வடலூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1867-ல வள்ளலார் ஏத்தின அடுப்பு இன்னும் எரியுது. எந்த ஊருன்னு கேட்டுச் சோறு போடல அவர். பசியோட வர்றவனைக் கேட்டுல நிறுத்துறதுக்காக நாம சீட்டுக் கேட்கல.

நாம கேட்கிற சீட்டு, கூட்டிக்கிட்டு வர்றவனுக்கு. காண்ட்ராக்டருக்கு. 1979-லேயே சட்டம் வந்தது, வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வெளி மாநில ஆளைக் கூட்டிட்டு வர்ற காண்ட்ராக்டர் உரிமம் வாங்கணும்னு அந்தச் சட்டம் சொன்னது. ஆளுக்கு ஒரு போட்டோ ஒட்டின பாஸ்புக் கொடுக்கணும்னு இருந்தது. இடம்பெயர்வுப் படி, வந்து போற செலவு கொடுக்கணும்னு இருந்தது. உள்ளூர்க்காரனுக்கு என்ன கூலியோ அதே கூலின்னு இருந்தது. எத்தனை காண்ட்ராக்டர் அதை ஒழுங்காச் செஞ்சான்? அந்தப் பாஸ்புக்கை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா? நான் விசாரிச்ச வரைக்கும் ஒருத்தர்கூடப் பார்த்ததில்ல. பேரே இல்லாம ஒருத்தன் தகரக் கொட்டகையில தங்குறான், குறைஞ்ச கூலிக்கு வேலை செய்றான், அடிபட்டா ராத்திரியோட ராத்திரியா ரயில் ஏத்திடுறான். அவன் குறைஞ்ச கூலிக்கு வந்ததால நம்ம ஆளுக்கு வேலை போகுது. ரெண்டு பேர் வயித்துலயும் அடிச்சவன் ஏசி காருல போறான்.

யார் வந்தாங்க, எத்தனை பேர், எந்தக் காண்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தான், என்ன கூலி, எத்தனை நாள். இது பதிவேட்டுல இருக்கணும். அந்தப் பதிவேடு நம்ம அரசு கையில இருக்கணும். பதிவு இல்லாம ஆள் வெச்சா காண்ட்ராக்டருக்குத் தண்டனை. கோயிலுக்கு வர்றவர், ஆஸ்பத்திரிக்கு வர்றவர், படிக்க வர்றவர், சொந்தக்காரங்களைப் பார்க்க வர்றவர் யாரையும் இது தொடாது. மிசோரத்துல பொறுப்பேத்துக்கிற ஆள் இல்லாம வேலைச் சீட்டுக் கிடையாதுன்னு சொன்னேனே, அந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டாலே போதும், பாதி அக்கிரமம் அடங்கும்.

மொழியும் ஒரு சீட்டுதான். 2016-ல அஞ்சல் துறைக்கு ஒரு தேர்வு நடந்தது. ஹரியானாக்காரங்க தமிழ்ப் பாடத்துல நம்ம பிள்ளைகளைவிட அதிகமா மார்க் வாங்கினாங்க. விசாரணை வந்தது, நாடே சிரிச்சது. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு தன்னோட தேர்வுகள்ல தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காடு எடுத்தாத்தான் மத்த தாளையே திருத்துவோம்னு சொல்லிடுச்சு. யார் செஞ்சாலும் நல்லதை நல்லதுன்னு சொல்லணும். ஒரு வேலியும் இல்ல, ஒரு சோதனைச் சாவடியும் இல்ல. நெய்வேலியில சுரங்கத்துக்குள்ள தமிழ்த் தொழிலாளியோட நின்னு வேலை வாங்கப் போற அதிகாரிக்கும் அந்தத் தாளை வையுங்கன்னு கேட்கிறோம். ஆபத்து நேரத்துல 'ஓடு'ன்னு கத்தினா புரிய வேண்டாமா? 2020-ல ரெண்டு மாச இடைவெளியில ரெண்டு தடவை கொதிகலன் வெடிச்சு உயிர் போன ஊர் இது.

கடைசியா ஒண்ணு. மண்ணின் மக்கள்னு நாம பேசும்போது, நமக்கு முன்னாடி இந்த மண்ணுல இருந்தவங்களை மறந்துடறோம். இந்தக் கடலூர் மாவட்டத்துலயே இருளர் குடியிருப்புகள் இருக்கு. பட்டா இல்லாம, சாதிச் சான்றுக்கு நடையா நடக்கிறாங்க. கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, நீலகிரித் தோடர், கோத்தர், குறும்பர், பணியர். இந்தியாவுல பத்து மாநிலத்துல பழங்குடிப் பகுதின்னு ஐந்தாவது அட்டவணையில அறிவிச்சிருக்காங்க. அங்க நிலம் வெளியாள் கைக்குப் போறதுக்குத் தடை இருக்கு. தமிழ்நாட்டுல அப்படி ஒரு பகுதிகூடக் கிடையாது. அந்த மலைகள்ல நிலம் வாங்கிக் குவிச்ச வெளியாள் யாரு? டெல்லிக்காரன் மட்டுமா? சமவெளித் தமிழனும்தான். அவங்களுக்கு நாமதான் வெளியாள். நமக்கு நாம கேட்கிறதை முதல்ல அவங்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கணும். நம்ம தீர்மானத்துல இது மூணாவது பத்தியில இருக்கு. முதல் பத்திக்கு ஏத்தணும்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்.

மணி ஒன்பதே முக்கால். இன்ஸ்பெக்டர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரியுது.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கோம். நம்ம மகளிர் அணித் தங்கச்சிங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. நிலம் கொடுத்த குடும்பத்துக்காரங்க எல்லாரும் அங்க போய் ஒரு படிவம் வாங்கிக்குங்க. ஊர்ப் பேரு, பழைய சர்வே நம்பரு, எத்தனை ஏக்கரு, எந்த வருஷம் எடுத்தாங்க, வீட்டுல யாருக்காவது நிரந்தர வேலை கிடைச்சுதா, இப்ப யாராவது காண்ட்ராக்ட்ல இருக்காங்களா, இதுதான் கேள்வி. பத்திரம் நகல் இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க, இல்லைன்னாலும் பரவாயில்ல, வாய்மொழியாச் சொல்லுங்க, எழுதிக்குவாங்க. வெளி மாநிலத் தோழர்கள் யாராவது இந்தக் கூட்டத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா, அவங்களுக்கும் தனிப் படிவம் இருக்கு, இந்தியில அச்சடிச்சிருக்கோம். காண்ட்ராக்டர் பேரு, கூலி, பாஸ்புக் உண்டா இல்லையா. பயப்படாம எழுதச் சொல்லுங்க, பேரைக் கட்சி வெளியில விடாது.

நம்ம டீக்கடைப் பெரியவர் வந்திருக்காரான்னு தெரியல. வந்திருந்தா, ஐயா, முதல் படிவம் உங்களுக்குத்தான்.



#உள்நுழைவுஅனுமதி #நெய்வேலி #மண்ணின்மக்கள்